டிஃப் லாக் போட்ட வண்டி

"நட்டு விரல்ல நிக்குது. மரையிலதான் புடிக்க மாட்டேங்குது," என்றாள் ஜீப்புக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருந்த டிரைவரின் மனைவி.

"வலப்பக்கமா சுத்து."

"வலப்பக்கம்னா உங்களுக்கா, எனக்கா?"

மேலே, வண்டிக்குள் தரை விரிப்பைச் சுருட்டிவிட்டுக் குப்புறக் கிடந்த டிரைவர், எது வலப்பக்கம் என்று தன் கைகளைப் பார்த்தான். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் செல்போன். செல்போனில் எவனோ ஒருத்தன் இதே வேலையைச் சிரித்துக்கொண்டே செய்து முடித்துக் கையைத் துடைக்கிற வீடியோ. இங்கே காலையில் ஆரம்பித்தது, வெயில் சாய்ந்தும் முடிந்தபாடில்லை.

இத்தனைக்கும் பூட்டு புதிதல்ல. வண்டியைச் செய்த புண்ணியவான்கள் கியர் பெட்டிக்குள்ளேயே, சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டுகிற டிஃப் லாக்கை வைத்திருந்தார்கள். அதை இழுக்கிற கம்பியையும் லீவரையும் மட்டும் வைக்காமல் விட்டுவிட்டார்கள். கதவுக்குப் பூட்டைப் பொருத்திவிட்டுச் சாவியைக் கொடுக்காமல் போன மாதிரி. பழைய இரும்புக் கடையில் வேறு வண்டியிலிருந்து கழற்றிய லீவரையும் கம்பியையும் முதலாளி ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார். பெட்டியை இறக்கினால்தான் மாட்ட முடியும் என்றது ஒர்க்‌ஷாப். அந்தச் செலவுக்கு முதலாளி தலையாட்டவில்லை. பெட்டிக்கும் மேல் தகரத்துக்கும் நடுவிலிருந்த சந்தில் டிரைவரின் கை பாதியிலேயே மாட்டிக்கொண்டது. தையல் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்த மனைவியின் கைதான் உள்ளே போனது.

மலை உச்சியில் தண்ணீர்த் தொட்டி கட்டுகிற வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போவது அந்த ஜீப்தான். மழை பிடித்ததும் மேடு முழுக்கச் சேறு. ஒரு சக்கரம் வழுக்கினால் போதும், எஞ்சினின் பலமெல்லாம் அந்தச் சக்கரத்திலேயே வீணாகச் சுற்றித் தீர்ந்துவிடும். டிஃப் லாக் விழுந்தால் முன்னும் பின்னும் சேர்ந்து இழுக்கும். அது இல்லாமலே, எங்கே அடியில் கல் இருக்கிறது, எங்கே ஓரம் வாங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஏற்றியவன் இந்த டிரைவர் ஒருவன்தான். வேறு யார் உட்கார்ந்தாலும் வண்டி பாதியில் நின்றது. முதலாளியின் மச்சினன் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு, நடுமேட்டில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே இறங்கினான்.

போன வாரம் இவன் கையிலும் வண்டி பின்னால் சறுக்கியது. டிஃப் லாக் இல்லாத வண்டியில் இனி ஆள் ஏறக் கூடாது என்று சைட் இன்ஜினியர் சொல்லிவிட்டார். "நாளைக்குக் காலையில அவர் முன்னாடி வண்டி ஏறணும். இல்லன்னா எடைக்குப் போட்டுருவேன். நீயும் வேற எடம் பாத்துக்க," என்று முதலாளி கையைக் கழுவிவிட்டார்.

"புடிச்சிருச்சு! இழுங்க!"

லீவரை இழுத்துவிட்டுக் கீழே குதித்தான். முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டைகளை அடுக்கியிருந்தார்கள். பூட்டு விழுந்திருந்தால் அந்தச் சக்கரம் தள்ளினாலும் அசையக் கூடாது. தள்ளினான். சக்கரம் சாவகாசமாகச் சுற்றியது.

"விழல. கம்பி நீளம் அதிகம். கழட்டு."

"மறுபடியுமா? உங்க முதலாளிய வந்து படுக்கச் சொல்லுங்க."

"அவரு தொப்பைக்கு வண்டிய இன்னும் ரெண்டடி தூக்கணுமே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் ஸ்பேனர் கை நழுவிக் காதோரம் விழுந்தது. சிரிப்பு போய் எரிச்சல் வந்தது. கம்பியைக் குறைத்து மாட்டினார்கள். இப்போது லீவர் பாதிதான் வந்தது. மறுபடி நீட்டினார்கள். சக்கரம் மறுபடி சுற்றியது. அவன் டயரை ஓங்கி உதைத்தான்.

"எந்த அளவுல மாட்டச் சொல்றீங்க?" என்றாள்.

"வீடியோல இருக்கிற அளவுலதான்."

"அது அவன் வண்டி. அடுத்தவன் சட்டையப் பாத்து உங்களுக்குத் துணி வெட்டுவாங்களா? அந்தப் போன உள்ள வைங்க. பூட்டை இங்கயே நெம்பித் தள்ளிட்டேன். லீவரை இழுத்த மாதிரியே புடிச்சுக்குங்க. நடுவுல எவ்வளவு இருக்கோ அதுதான் அளவு."

அந்த அளவுக்குக் கம்பியைத் திருகி மாட்டினாள். அவன் சக்கரத்தைத் தள்ளினான். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான். கல் மாதிரி நின்றது. லீவரை விடுவித்ததும் சுற்றியது.

ஊர்ந்து வெளியே வந்தவளின் கை மணிக்கட்டில் தோலுரிந்து, விரல்கள் வீங்கியிருந்தன.

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா உங்க கை உள்ள போயிருமா?"

மறுநாள் காலையில் அவளும் வந்தாள். கம்பி நழுவினால் மாட்டுவதற்கு வேறு கை இல்லை. இன்ஜினியரையும் அவளையும் ஏற்றிக்கொண்டு, டிரைவர் லீவரை இழுத்து மேட்டில் விட்டான். சறுக்கவில்லை. திணறவுமில்லை. உச்சியில் இறங்கிய இன்ஜினியர், "இனிமே ஆள் ஏத்தலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சினனோடு கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. டிரைவர் வண்டியைக் கீழே இறக்கிக் கொடுக்க, முதலாளியே ஓட்டி ஏறினார். மறுபடி இறக்கிக் கொடுக்க, மச்சினன் ஒற்றைக் கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஏறி வந்தான். டிரைவர் பின்சீட்டிலிருந்து இறங்கினான்.

"பாத்தியா? எல்லாத்தையும் லீவரே பாத்துக்குது!" முதலாளிக்கு வாயெல்லாம் பல். பிறகு டிரைவரின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போய் மச்சினனைக் காட்டினார். "இனிமே தம்பியே ஓட்டட்டும்யா. வீட்டுல சும்மாதான் இருக்கான். வேற வண்டி வாங்கினா உன்னத்தான் மொதல்ல கூப்பிடுவேன்."

டிரைவர் தோளிலிருந்த கையை எடுத்துவிட்டான். "லாக் போட்டதே நாங்கதானே மொதலாளி."

"அதத்தான் நானும் சொல்றேன். நல்லா போட்டிருக்கே."

முந்தின ராத்திரி முழுக்க அங்கே கான்கிரீட் போட்ட ஆட்கள் வீட்டுக்குப் போக ஜீப்பின் பின்னால் நெருக்கியடித்து ஏறி உட்கார்ந்தார்கள். முதலாளி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். டிரைவருக்கும் மனைவிக்கும் இடமில்லை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்த மச்சினன் கீழே இறங்குகிற சரிவை எட்டிப் பார்த்தான். ஏறும்போது இருந்த தெம்பு முகத்தில் இல்லை.

"அண்ணே, எறங்கறப்ப எந்த கியரு?"

சொல்லாதீர்கள் என்று மனைவி கண்ணைக் காட்டினாள். டிரைவர் ஜன்னலில் கை வைத்தான். "ஃபர்ஸ்ட்லயே எறக்குங்க தம்பி. லாக் அப்படியே இருக்கட்டும். சேறு முடியற வரைக்கும் பிரேக்க மட்டும் தொட்டுராதீங்க, பின்பக்கம் சுத்திக்கும். எஞ்சினே புடிச்சுக்கும்."

வண்டி நகர்ந்ததும் அவள் வெடித்தாள். "எதுக்குச் சொன்னீங்க? தெரியாம முழிச்சா, அவங்களே உங்கள ஏறச் சொல்லியிருப்பாங்கல்ல?"

"பின்னாடி ஆளுங்க உக்காந்திருக்காங்க," என்றான்.

இரண்டு பேரும் சேற்றில் ஓரம் பிடித்து நடக்கத் தொடங்கினார்கள். கீழே ஜீப் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மேடு முடிகிற வரைக்கும் அதன் பின்பக்கச் சிவப்பு பிரேக் விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை.