ஐம்பத்திரண்டு கிளாஸ்

ஒடோங்கோ சாருக்கும் எனக்கும் நடந்த சண்டை ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது. குலம் மனிதனிடம் இருக்கிற ஒன்றா, அல்லது மனிதனே குலமா?

கம்பாலா நகரத்து வாண்டெகெயா பகுதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், சனிக்கிழமைதோறும் அவர் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுத்தார். அந்த மருந்துக்கடையில்தான் எனக்கு வேலை. ஏழு வருடமாக இருமல் மருந்து எடுத்துக்கொடுத்து அலுத்துப் போயிருந்தேன். படிப்பு முடிகிற அன்று கெவீனா மேடம் வருவார், சொந்தமாகச் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருப்பவர், எங்கள் பதினான்கு பேரில் ஒருவருக்கு வேலை தருவார் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி இருமல்தான்.

கடைசிப் பயிற்சியாக, ஹோட்டலில் ஆர்டர் எடுக்கும் புரோகிராம் எழுதச் சொன்னார் சார். நான் அதில் குலத்தைச் சேர்த்தேன். அது நவம்பர் மாதம், கம்பாலா முழுக்க வெட்டுக்கிளி பொரிக்கிற வாசனை. எங்கள் ஆட்களில் எந்தக் குலத்தாரும் தங்கள் குலப்பெயரில் உள்ளதைத் தின்னக் கூடாது. நான் வெட்டுக்கிளிக் குலம், அதை வாயில் வைக்கக் கூடாது. காளான் குலத்தாருக்குக் காளான் ஆகாது. இதைக் கேட்காமல் தட்டை நீட்டுகிறவன் நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்வான்.

ஜாவாவில் கிளாஸ் என்பது அச்சு. அதில் வார்த்தெடுக்கிற ஒவ்வொரு ஆளும் ஒரு ஆப்ஜெக்ட். தாய் கிளாஸில் இருப்பது பிள்ளை கிளாஸுக்குத் தானாக வந்து சேரும். எங்களுக்குக் குலம் அப்பாவிடமிருந்து அப்படித்தான் வருகிறது என்பதால் எனக்கு இது முதல் நாளே புரிந்துவிட்டது. ஆகவே 'வாடிக்கையாளர்' என்று ஒரு தாய் கிளாஸ், அதன் கீழே குலத்துக்கு ஒன்றாக ஐம்பத்திரண்டு பிள்ளை கிளாஸ். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன்.

பக்கத்து நாற்காலிக்காரன் பொனிபாஸ் எட்டிப் பார்த்தான்.

"யானைக் குலத்துக்குமா எழுதியிருக்கே, தாயே? எந்த ஹோட்டல்ல யானை விக்கிறாங்க?"

"நாளைக்கு வித்தா? அப்ப வந்து என்னைக் கேக்காதே."

சார் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதென்ன பெர்பெத்துவா, வாக்காளர் பட்டியலா? ஒரே கிளாஸ் போதும்மா. உள்ள குலம்னு ஒரு பெட்டி வை. யாருக்கு எதுவோ அத அதுல போடு."

"பெட்டில போட குலம் என்ன சாவிக்கொத்தா சார்? நான் வெட்டுக்கிளியா இருக்கேன். வெட்டுக்கிளிய வெச்சிருக்கல."

"வீட்ல நீ என்னவா வேணா இரு. கம்ப்யூட்டருக்கு அது பெட்டி. எங்க ஊரு லீரா பக்கமும்தான் குலம் இருக்கு, நாங்க அம்பத்திரண்டு எழுதிக்கிட்டா இருக்கோம்? பெட்டிக்கு ஒரு செட்டரும் வை. செட்டர் இல்லேன்னா மார்க் இல்ல."

செட்டர் என்பது, ஆப்ஜெக்ட் உருவான பிறகும் பெட்டியில் இருப்பதை மாற்ற விடுகிற வாசல். குலத்துக்குப் போய் வாசலா என்று எரிச்சலாக வந்தது. ஆனால் மார்க் வேண்டுமே. வாயை மூடிக்கொண்டு ஐம்பத்திரண்டையும் அழித்தேன். புரோகிராம் கால்வாசியாகச் சுருங்கி, முன்னைவிட நன்றாக ஓடியது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கெவீனா மேடம் வந்தார். என் முறை வந்ததும், என் பெயரிலேயே ஒரு வாடிக்கையாளரை உருவாக்கி, குலம் வெட்டுக்கிளி என்று போட்டு, வெட்டுக்கிளி வறுவல் ஆர்டர் செய்தேன். 'தர முடியாது' என்றது திரை. மேடம் தலையாட்டினார். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரே வரியில் என் குலத்தைக் காளானாக மாற்றிவிட்டு, மறுபடி ஆர்டர் செய்தார். 'இரண்டு தட்டு, தயாராகிறது' என்றது திரை. வகுப்பே சிரித்தது.

"ஏம்மா, பஸ்ஸுல சீட்டு மாறுற மாதிரி குலத்த மாத்த விட்டிருக்கே. யார் வெச்ச செட்டர் இது?"

சார் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தட்டியது என் விரல்.

"நான்தான் மேடம். தப்புன்னு தெரிஞ்சேதான் வெச்சேன். மார்க்குக்காக."

"மார்க்குக்கே வளையறவ, நாளைக்கு ஒரு கஸ்டமர் சத்தம் போட்டா?"

வேலை கைநழுவிப் போனது தெரிந்துவிட்டது. போனது போகட்டும், இதையாவது சரி செய்வோம் என்று செட்டரை அழித்தேன். பதினோரு இடத்தில் சிவப்பாகப் பிழை காட்டியது. ஆளை முதலில் உருவாக்கிவிட்டுக் குலத்தைப் பிறகு சொருகும் வரியைப் பதினோரு இடத்தில் எழுதியிருந்தேன்.

"குலமே நாசமாப் போச்சு" என்று பொனிபாஸ் முணுமுணுத்தான்.

ஒவ்வொன்றாகத் திருத்தினேன். குலத்தைக் கன்ஸ்ட்ரக்டரில் வைத்தேன். ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஒரே ஒரு முறை ஓடுகிற பகுதி அது. அப்பாவின் குலத்தை வாங்கிக்கொண்டுதான் பிறக்க முடியும், பிறகு பூட்டு. நாற்பது நிமிடம் ஆயிற்று. மேடம் எழுந்து போகவில்லை, ஐம்பத்திரண்டு கிளாஸ் கதையைப் பொனிபாஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆனா?" என்று கேட்டார்.

"மாறாது மேடம். சாகுற வரைக்கும் அப்பா குலம்தான்."

மூன்று விதமாக மாற்றிப் பார்த்தார். மூன்று முறையும் புரோகிராம் மறுத்தது.

"பெட்டின்னு சார் சொன்னது சரி. வாசல் கூடாதுன்னு நீ நெனச்சதும் சரி. நெனச்சத வாயத் தொறந்து சொல்லல பாரு, அதான் தப்பு. திங்கக்கெழம வேலைக்கு வா. அங்க மூத்த இஞ்சினியர் ஒருத்தர் இருக்கார். எல்லாத்துக்கும் செட்டர் வைன்னு உயிர எடுப்பார். வைக்காதே."

"அவர் என்னைத் தூக்கிட்டா மேடம்?"

"அவர் என் வீட்டுக்காரர். இருபது வருஷமா நானும் சொல்லிப் பாக்குறேன். வேற யாராவது சொல்லட்டும்."

திங்கட்கிழமை காலை, நான் நாற்காலியில் உட்காரும் முன்பே மேடத்தின் வீட்டுக்காரர் வந்து நின்று, திரையில் மேடம் திறந்து வைத்திருந்த என் ஹோட்டல் புரோகிராமை மேலும் கீழும் பார்த்தார்.

"செட்டர் எங்கம்மா?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"வைக்க மாட்டேன் சார்" என்றேன்.