பச்சையில் போன கேள்விகள்

காலை ஒன்பதரைக்குக் கணினியைத் திறந்ததும் அவள் சிவப்பு வரிகளைத்தான் முதலில் எண்ணுவாள். தடுப்பூசி பற்றி ஜனங்கள் கைபேசியில் கேட்பதற்கெல்லாம் தானாகவே பதில் சொல்லும் சாட்பாட் ஒன்றைச் சுகாதார அலுவலகம் வைத்திருந்தது. பதில் சொல்லிவிட்ட கேள்வி பச்சை. திணறிப்போன கேள்வி சிவப்பு. சிவப்பைப் படித்து, பதில் எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி உள்ளே ஏற்றுவது அவள் உத்தியோகம். இரண்டு வருடமாக அது பேசுவதெல்லாம் அவள் எழுத்து. பச்சையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதற்கு அவசியமும் வந்ததில்லை.

அன்று ஏழு சிவப்பு. 'ஊசி போட்டா என் மருமகன் வேலைக்குப் போவானா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். சிரித்துக்கொண்டே அடுத்ததற்கு இறங்கினாள்.

'பாப்பா போன வாரம் தட்டம்மையில போயிடுச்சு. பெரியவளுக்கும் அந்த ஊசி போடல. நாலு வயசு. இனிமே உன்னை நம்பலாமா?'

கடைசி நாலு இலக்கம் மட்டுமே திரையில் தெரியும் அந்த எண்ணின் பழைய பேச்சையெல்லாம் அவள் திறந்தாள். அத்தனையும் பச்சை. 'பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுது, ஊசி போடலாமா?' பத்து நாள் கழித்து, 'லேசா இருமல், போடலாமா?' அப்புறம் மறுபடி சளி. நாலு மாதத்தில் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: 'உடம்பு சரியில்லை என்றால், குணமானதும் போட்டுக்கொள்ளலாம். கவலைப்படாதீர்கள்.' ஒவ்வொன்றுக்கும் கீழே, 'சரிங்க.' கடுங்காய்ச்சலை மனதில் வைத்து எழுதிய பதில் அது. கடைசிச் சொல், படிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவளாகச் சேர்த்தது.

"என்னம்மா, காலங்காத்தால பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றார், அந்தச் சாட்பாட் இயந்திரத்தைப் பராமரிக்கும் பக்கத்து மேசைக்காரர்.

"அண்ணே, இதைப் பாருங்க."

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். "மேல இருக்கிறதெல்லாம் பச்சைதானேம்மா. பதில் போயிருக்கு. அவங்களும் சரின்னுட்டாங்க."

"பதினோரு வாட்டி சரின்னிருக்காங்கண்ணே."

அவர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். "டாக்டர் பார்த்துத்தானே ஏத்தினோம்" என்றார்.

"எழுதினது நான்."

முதலில் அந்தப் பதிலை நிறுத்திவைத்தாள். லேசான சளி, இருமல் இருந்தாலும் ஊசி போடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்று புதிதாக எழுதி டாக்டர் அறைக்கு அனுப்பினாள். பழைய பதில் இதுவரை எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்று திரை காட்டியது: இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. ஒவ்வொருத்தருக்கும் திருத்தம் அனுப்பியாக வேண்டும். ஆனால் சிவப்பில் நின்ற இந்த ஒருத்திக்கு மெஷின் வாயால் இன்னொரு வரி அனுப்ப அவளுக்குக் கை வரவில்லை. அனுப்பினாலும் அந்தத் தாய் எதை நம்பிப் பெரியவளைத் தூக்கிக்கொண்டு ஊசி போடப் போவாள்?

"முழு நம்பரை எடுத்துக் குடுங்கண்ணே."

"நாமளா கூப்பிடக் கூடாதும்மா. ரெண்டு பேர் வேலைக்கும் உலை வெச்சிடும்." சொன்னவர், ஒரு துண்டுத்தாளில் எதையோ கிறுக்கி அவள் விசைப்பலகைக்கு அடியில் செருகிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

மாடிப்படித் திருப்பத்தில் நின்று அழைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அடித்தாள். ஆறாவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?" சின்னக் குரல்.

"கண்ணு, அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. பேச மாட்டேங்கிறாங்க."

"ஊசி ஆபீஸ்லேருந்துன்னு சொல்லும்மா."

கைபேசியை எதன் மேலோ வைக்கும் சத்தம். சின்னப் பாதங்கள் தரையில் தட்தட்டென்று ஓடின. உள்ளே ஒரு குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வெகு நேரம் கொட்டியது. பிறகு யாரோ அதை மூடினார்கள். வளையல் ஒன்று சுவரில் உரசிக்கொண்டே நெருங்கி வந்தது.