டீசல் புல்லட்டின் மைலேஜ்

பங்கில் நின்ற பெண் புல்லட்டைப் பார்த்ததும் பெட்ரோல் குழாயைத்தான் கையில் எடுத்தாள். லாசர் "டீசல்மா" என்றார். அவள் நம்பாமல், லாசருக்குப் பின்னால் நின்ற அவர் மகன் ஆன்சனைப் பார்த்தாள். அவன் தலையாட்டிய பிறகே அடுத்த குழாய்க்குப் போனாள். லாசர் டேங்கின் வாய்க்கு மேல் குனிந்து, டீசல் கழுத்தைத் தொடும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் பூசை முடிந்து வருகிற வழியில், வீட்டுப் பக்கம் வில்லாபுரத்தில் இதே பங்கில், இதே கழுத்து வரைக்கும் நிரப்பியிருந்தார்கள். ஒரு வாரத்தில் வண்டி நான்கு லிட்டர் குடித்திருந்தது.

ஸ்பீடோமீட்டர் செத்துப் பல வருடமாகிறது. அதனால் ஓடிய தூரத்தை ஆன்சனுக்கு அப்பாவின் வாயிலிருந்துதான் கேட்டுக் கணக்குப் போட வேண்டியிருந்தது. தினமும் கோயில், மார்க்கெட். மூன்று நாள் நாகமலைப் புதுக்கோட்டைக்கு, சிநேகிதர் கருத்தக்கண்ணன் வீட்டுக்கு. எல்லாவற்றையும் கூட்டினால் நூற்றுப் பத்து கிலோமீட்டர் வந்தது. நான்கால் வகுத்தால் லிட்டருக்கு இருபத்தேழு சொச்சம். ஆன்சன் காலேஜ் படிக்கிற காலத்தில் எழுபதுக்குக் குறையாமல் கொடுத்த வண்டி அது. தெருவில் யாராவது மைலேஜ் கேட்டால் அப்பா பதிலை உடனே சொல்லிவிட மாட்டார். கேட்டவரையே ஒரு எண் சொல்லச் சொல்லி, அது எம்புட்டுக் குறைச்சல் என்று சிரித்துக் காட்டுவார். இப்போது அவரே, "அதுக்கும் வயசாயிருச்சுல்ல" என்று சொல்லிவிட்டு, சீட்டைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மிஷன் பள்ளி ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் லாசர். மனைவி இறந்தபிறகு வீட்டுக்கு வெளியே அவருக்கு இருந்தது இந்த வண்டியும் கருத்தக்கண்ணனும்தான். வண்டி கெட்டுப்போனால் அவர் வீட்டிலேயே முடங்கிவிடுவார் என்று ஆன்சனுக்குத் தோன்றியது. மறுநாளே மெக்கானிக் பீமாராவிடம் கொண்டுபோய் விட்டான்.

பீமாராவ் ஒழுகல் பார்த்தார், பம்ப்பைப் பார்த்தார், புகையின் நிறத்தைப் பார்த்தார். எதிலும் குறை தெரியவில்லை. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, ஒரு பாட்டிலில் அரை லிட்டர் டீசலை ஊற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, குழாயை அதில் மாட்டினார். டீசல் வண்டியை முழுசாகக் காயவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்து ஏர் பிடித்துக்கொள்ளும், அதனால் பாதி தீரும்வரை ஓட்டிப் பார்த்தால் போதும் என்றார். ஆன்சன் புல்லட்டில் ரிங் ரோட்டுக்குப் போனான். அவனுடைய ஸ்கூட்டரில் மீட்டரைப் பார்த்தபடி பீமாராவ் பின்னால் வந்தார். வயல்களும் பிளாட் போட்ட வெற்று நிலங்களும் மாறி மாறி வந்தன. பாட்டிலில் பாதி தீர்ந்தபோது ஸ்கூட்டர் பதினெட்டு கிலோமீட்டர் காட்டியது.

"லிட்டருக்கு எழுவத்திரண்டு வருது தம்பி. வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார் பீமாராவ். "யாராச்சும் டீசல உறிஞ்சணும். இல்லாட்டி, சொல்ற தூரம் வேற, ஓடுற தூரம் வேற."

வீட்டில் வண்டி உள்ளே பூட்டித்தான் நிற்கும். உறிஞ்ச வழியில்லை. ஆன்சன் இதைச் சொன்னபோது அவன் மனைவி ஜெனிஷா பிள்ளைகளின் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர். மைலேஜ் தெரிந்துவிட்டால் தூரத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்தானே என்று, கையிலிருந்த தாளின் ஓரத்திலேயே நான்கை எழுபத்திரண்டால் பெருக்கி, நூற்றுப் பத்தைக் கழித்தாள். ஏறக்குறைய நூற்று எண்பது கிலோமீட்டர் மிச்சம் நின்றது. மாமா எங்கேயோ ஊர் சுற்றுகிறார் போல என்று சிரித்தாள். ஆன்சன் சிரிக்காததைப் பார்த்ததும் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

அன்று சாப்பாட்டின்போது ஆன்சன் மெதுவாக விஷயத்தை எடுத்தான். லாசருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆளில்லாத ரிங் ரோட்டில் ஓட்டினால் எந்த வண்டியும் எழுபது கொடுக்கும், டவுனுக்குள் சிக்னல் சிக்னலாக நின்று பார்த்தால் தெரியும் என்றார். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். மைலேஜைப் பற்றிப் பேச்செடுத்தால் அவரை நிறுத்துவதுதான் அந்த வீட்டில் எப்போதும் கஷ்டம்.

ஆன்சன் கருத்தக்கண்ணனுக்குப் போன் போட்டான். அவர் முதலில் மழையைப் பற்றிப் பேசினார், பிறகு கிணற்றைப் பற்றி. அப்புறம், "அப்பா சொல்றபடி மூணு நாளுந்தான் வர்றாரு தம்பி. ஆனா போன தடவ செக்கானூரணிப் பக்கத்துல இருந்து வந்தாரு. மதுரையில இருந்து வர்ற ஆளு மேக்க இருந்து எப்பிடி வருவாரு? கேட்டேன். சும்மா ஒரு ரவுண்டு போனேன்னாரு" என்றார்.

வியாழக்கிழமை ஆன்சன் அரைநாள் லீவு போட்டான். சொந்த அப்பாவை ஒளிந்து பின்தொடர்வது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். போகும்போது அப்பா சரியாகவே போனார். பழங்காநத்தம், பைபாஸ், காளவாசல், தேனி ரோடு. கருத்தக்கண்ணன் வீட்டு வாசலில் புல்லட் நின்றதும் ஆன்சன் தூரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தான். இம்புட்டுதானா என்று இருந்தது. தன் மேலேயே எரிச்சல் வந்தது.

திரும்பும்போது காளவாசல் பாலத்துக்கு அடியில் அப்பா வண்டியின் வேகத்தைக் குறைத்தார். வலது பக்கம் திரும்பினால் வீட்டுக்கு வழி. அவர் தலையைத் தூக்கிப் பாலத்தைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார். பின்னால் ஹாரன்கள் கத்தின. இடது பக்கம் திரும்பினார். ஏதோ வேலையாகப் போகிறார் என்றே ஆன்சன் நினைத்தான். பாத்திமா காலேஜைத் தாண்டி அவர் திரும்பி வந்தார், மறுபடி பாலத்துக்கு அடியில் போய், மறுபடி காலேஜ் பக்கமே வந்தார். மூன்றாம் முறை வந்தபோது ஆன்சன் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டான். ஜெனிஷாவின் தாளில் மிச்சம் நின்ற கிலோமீட்டர்கள் எங்கே போயின என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா வீட்டுக்கு எதிர்த்திசையில் விளாங்குடியைக் கடந்து பரவை வரைக்கும் போய்விட்டார். அங்கே ஒரு பஸ் ஸ்டாப்பின் நிழலில் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். யாரிடமும் வழி கேட்கவில்லை. வழி கேட்கும் ஆள் இல்லை அவர். சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்சன் பக்கத்தில் போய் ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"நீ எங்கடா இங்க?"

"ஆபீஸ் வேலையா வந்தேன்ப்பா."

லாசர் அதை நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. இரண்டு லாரிகள் கடந்து போயின. பிறகு டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அந்தப் பாலத்துக்குக் கீழ வந்தா எல்லாப் பக்கமும் ஒண்ணு போலத் தெரியுதுடா" என்றார்.

"எம்புட்டு நாளாப்பா?"

"தெரியல. ஈஸ்டருக்கு முன்னாடியே இருக்கும்."

"சொல்லிருக்கலாம்ல."

"சொன்னா சாவிய வாங்கிருவ." டேங்கைத் தடவிக்கொண்டே, "வண்டி மேல பழியப் போட்டுட்டேன். அது பாவம்" என்றார்.

ஆன்சனின் கண் சாவிக்குப் போனது. சாவி வண்டியிலேயே இருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். வண்டியை இங்கேயே யார் வீட்டிலாவது விட்டுவிட்டு, அப்பாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போய்விடலாம். அதுதான் சரி என்று ஜெனிஷா சொல்வாள். டாக்டரும் அதைத்தான் சொல்வார். அப்பா அவன் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார். கையை டேங்கிலிருந்து எடுக்கவில்லை.

"நான் முன்னால போறேன், பின்னாடியே வாங்கப்பா" என்றான்.

"வேணாம். பஸ் வந்துரும்."

அவனுக்குப் புரியவில்லை. லாசர் சாலையின் கோடியைக் காட்டினார். "பெரியார் பஸ் ஸ்டாண்டுன்னு போர்டு போட்டு வரும். அது பின்னாடியே போயிருவேன். பெரியார் போயிட்டா தெக்குவாசல், அங்கிட்டு வில்லாபுரம். கண்ண மூடிக்கிட்டு வந்துருவேன்."

பஸ் வந்தது. லாசர் வண்டி மேல் எழுந்து நின்று, முழு எடையையும் போட்டுக் கிக்கரை உதைத்தார். முதல் உதையில் எடுக்கவில்லை. இரண்டாவது உதையில் பம்ப்செட் மாதிரி தட்தட்டென்று இன்ஜின் உயிர் பெற்றது. ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் நகர்ந்ததும் அதன் பின்னாலேயே போனார். ஆன்சன் அவருக்குப் பின்னால் போனான்.

அடுத்த ஸ்டாப்பில் பஸ் நின்றது. அப்பாவும் நின்றார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போயின. ஒரு காலைத் தரையில் ஊன்றி, தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்து, பஸ்ஸின் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி சீட்டில் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை கண்ணாடி வழியே அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டியது. அப்பா கிளட்சிலிருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்தி ஆட்டினார். விசில் சத்தம் கேட்டது. பஸ் கிளம்பியது.