ஏற்றிவிட வந்தவர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பயணச்சீட்டு அலுவலகத்தில். என் சீட்டை ரத்து செய்யப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். தலைநகரத்திலிருந்து வெகு தொலைவில், வடக்கே இருக்கும் ஓர் ஊருக்கு அவள் போக வேண்டும். எதில் போவது என்று தகராறு. கவுண்டரில் இருந்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வீட்டுலயே பேசிட்டு வரக்கூடாதா?" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் வாயெடுத்து, ஒருவரையொருவர் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் பேச்சில்லை என்று புரிந்தது.

நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "ரயில் நகரத் தொடங்கியதும் அவன் ஜன்னலைப் பிடித்தபடி கூடவே நடந்—"

வேண்டாம். ரயில் எழுதுகிறவர்களுக்கு ரொம்பவே ஒத்தாசை செய்யும். ஜன்னல் இருக்கும், ஊதல் இருக்கும், கண்ணீர் தானாக வரும். தவிர, அந்த வாரம் முழுக்க ரயிலில் இடமில்லை என்று கவுண்டர்காரர் கையை விரித்துவிட்டார். ஆக, விமானம் அல்லது பஸ்.

3

அவளை எக்ஸ்ரே எடுப்பவளாக வைத்துக்கொள்கிறேன். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் "மூச்சைப் பிடிங்க, விடுங்க" என்று சொல்கிறவள். வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில் புதிதாகத் திறக்கும் ஸ்கேன் பிரிவுக்கு அவளைப் பொறுப்பாளராகப் போட்டு உத்தரவு வந்திருக்கிறது. அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக முடியாது.

உத்தரவு வந்த அன்று அவள் நேராகக் கடைக்குப் போனாள். அவன் ஒரு பிரேமின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தான்.

"போகட்டுமா?"

"உன் இஷ்டம்."

[இந்த இரண்டு சொற்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. கேட்க அனுமதி மாதிரி இருக்கும். உண்மையில் முகத்தில் கதவைச் சாத்துவது.]

"போகாதே" என்று சொல்வான் என அவள் நினைத்திருந்தாள். "போயிட்டு வா" என்றிருந்தால்கூடப் போதும். அவன் தலை நிமிரவில்லை. கொஞ்ச காலமாகவே கேஸ் தீர்ந்துபோச்சு, தண்ணி வரல என்பதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சில்லை. இப்படியே போனால் அவள் திரும்பி வரமாட்டாள். இது இருவருக்கும் தெரியும்.

4

இங்கே எனக்குக் கணவன் மேல் சந்தேகம் வந்தது. கவுண்டரில் அவன் பஸ்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"பஸ்னா எனக்குக் குமட்டும்னு தெரியாதா உங்களுக்கு?"

"மாத்திரை போட்டுக்கயேன்."

"ஃப்ளைட்னா கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிடலாம்."

"அதான் வேணாங்கறேன்."

இவன் என்ன மனுஷன்? கஞ்சன் என்று ஒரு பத்தி எழுதினேன். ஒட்டவில்லை, அடித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. விமானம் என்றால் வாசலோடு சரி, சீட்டு இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள். பஸ்ஸில் ஏறலாம். பையை மேலே வைக்கலாம். வண்டி கிளம்பும்வரை பக்கத்து இருக்கையில் உட்காரலாம். கடையில் வராத வார்த்தை அங்கே வந்துவிடும் என்று நினைக்கிறான், பாவம்.

அவளுக்கா தெரியாது? அதனால்தான் விமானம் என்கிறாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இறங்கிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

5

பஸ் என்று முடிவு செய்தேன். எழுதுகிறவருக்கு இந்த அதிகாரமாவது வேண்டாமா? அவள் ஏன் ஒப்புக்கொண்டாள் என்று நான் துருவவில்லை.

பையை மேலே திணித்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜன்னலைத் தள்ளிப் பார்த்தான்.

"இது திறக்கலையே."

"ஏசி பஸ்ஸுங்க. திறக்காது."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

(சொல்லித் தொலையேன்யா!)

"அன்னிக்கு உன் இஷ்டம்னு சொன்னேன்ல..."

"ஆமா."

"என் இஷ்டம் என்னன்னு நீ கேக்கவே இல்ல."

அவள் அவனைப் பார்த்தாள். எத்தனையோ பேரை மூச்சைப் பிடிக்கச் சொன்னவள், இப்போது தானே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப கேக்கறேன். சொல்லுங்க."

வண்டி உறுமியது. கண்டக்டர் ஏறினார். "ஏத்திவிட வந்தவங்கள்லாம் இறங்குங்க! வண்டி எடுக்கப் போறோம்!"

6

அவன் சொன்னான். என்ன சொன்னான் என்பது என் காதில் விழவில்லை. விழக்கூடாது என்றுதான் எஞ்சினை உறும வைத்தேன்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். அவன் மட்டும் இறங்குவது: நடக்கக்கூடியது, எனக்கு மனசு வரவில்லை. இருவரும் இறங்குவது: கைவிட்டுப் போன வேலையை அவள் ஒரு நாள் சொல்லிக்காட்டுவாள். இருவரும் போவது: பூட்டிய கடையை நினைத்து அவன் வழியெல்லாம் புலம்பு—

(நிறுத்துகிறேன்.)

இதுவரை அவன், அவள் என்று உரிமையோடு எழுதி வந்தேன். இந்த இடத்தில் கூச்சமாக இருக்கிறது, மரியாதை கொடுக்கத் தோன்றுகிறது. தமிழில் மரியாதை கொடுத்துவிட்டால் ஆணா பெண்ணா என்பது தெரியாமல் போய்விடும். தெரிந்தேதான் செய்கிறேன்.

ஒருவர் எழுந்தார். மற்றவர் அவர் கையைப் பிடித்தார். கண்டக்டர் கதவைச் சாத்தாமல் நின்றார்.

எழுந்தவர் யார் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் யார் எழுந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.