ஆளுநர் சொன்ன கல்யாணம்

குவாம் தீவில் அமெரிக்கக் கொடி ஏறியதிலிருந்து வாரத்துக்கு ஓர் உத்தரவு வந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் மாதாகோயில் மணி அடிக்கக் கூடாது, வீட்டுக்கு வீடு கோழி வளர்க்க வேண்டும் என்றெல்லாம் வந்ததை மெரீசோ ஊர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டது. இந்த முறை வந்தது வேறு. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் மாதக் கடைசிக்குள் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். தவறினால் ஆம்பிளை ரோடு போடப் போக வேண்டும்.

"கப்பலுக்குக் கரி ஏத்த இடம் வேணும்னுதானே ஸ்பெயின்காரன்கிட்டருந்து தீவைப் பிடிச்சான்? நம்ம பாயை எதுக்கு எட்டிப் பாக்குறான்?" என்றான் அனக்லெத்தோ.

சுட்ட ஈரப்பலாவைத் தோலுரித்துக்கொண்டிருந்த ரூஃபினா நிமிரவில்லை. "அந்த ஆளுநருக்காவது தோணுச்சே. உனக்கு எட்டு வருஷமாத் தோணலையே."

"சரி, நாளைக்கே அகானா பட்டணம் போவோம். வரிசையில நிக்க வச்சுப் பேரைக் கேட்டு முடிச்சு விடுறானாம்."

"எங்கப்பாவைக் கேக்காம ஒரு தடவை உன் பின்னால வந்துட்டேன். மறுபடியும் கேக்காம வரமாட்டேன்."

பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் போய்ப் பெண் கேட்பதுதான் முறை. அது நடக்காததால் அப்பா கிரெகோரியோ எட்டு வருடமாக அவளோடு பேசவில்லை. பேரப்பிள்ளைகள் ஓடிப்போய் மரியாதைக்குக் கையில் முத்தமிட்டால் மட்டும் கையை இழுத்துக்கொள்ள மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அனக்லெத்தோவின் அம்மா இனசென்சியா, இருந்ததில் நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனாள். ரூஃபினா அப்பா வீட்டு அடுக்களைத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டாள்.

"உங்க பொண்ணை எம்மகனுக்குக் கேட்டு வந்திருக்கேன், அண்ணே."

"எந்தப் பொண்ணு?"

"உங்களுக்கு இருக்கிறதே ஒண்ணுதான். அதுக்கும் மூணு பிள்ளை ஆச்சு."

"அப்படியா? யோசிக்கணும். சொந்தபந்தத்தைக் கலந்துக்கணும். அறுப்பு முடியட்டும்."

"அய்யோ, நாளை மறுநாளோட கெடு முடியுது! எம்மகன் கல்லு உடைக்கப் போகணும்!"

"யாரோ கெடு வச்சா நான் ஓடணுமா? நீங்க வருவீங்கன்னு எட்டு வருஷம் காத்திருந்தேன். நீங்க கொஞ்ச நாள் காத்திருந்தா தேஞ்சா போயிடுவீங்க?"

காத்திருந்தாராமே! ரூஃபினா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தாள்!

வீட்டுக்கு வந்து சொன்னபோது அனக்லெத்தோ கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மீன்வலையில் சிக்கெடுத்தபடியே சொன்னான்.

"நான் கல்லு உடைக்கிறேன், ரூஃபி. உங்கப்பாவை அவசரப்படுத்துற உரிமை எனக்கில்ல. அந்த ஆளுநருக்கும் இல்ல."

அன்று குழம்பிலிருந்த மீன்தலை அவன் தட்டுக்குப் போனது. பிள்ளைகள் கேட்டும் அவள் கொடுக்கவில்லை.

கெடு முடிந்ததும் அவனைக் கூட்டிப்போனார்கள். ஊருக்கு வெளியே பவளக்கல் உடைத்து ரோட்டில் பரப்பும் வேலை. ரூஃபினா தினமும் சிவப்புச் சோறும் கருவாடும் கொண்டுபோனாள். தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு அவன் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போது, ஓடிவந்த புதிதில்கூட இவனை இவ்வளவு பிடித்ததில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் கிரெகோரியோ வந்து நின்றார். மகளைப் பார்க்கவில்லை. அனக்லெத்தோவின் எதிரே கல்குவியலில் உட்கார்ந்தார்.

"எத்தனை பன்னி வெட்டுவீங்க?"

கல்யாண விருந்து பிள்ளை வீட்டுச் செலவு. மனசு ஒப்பாத தகப்பன் பன்றிக் கணக்குப் பேச மாட்டார்.

"ரெண்டு, மாமா."

"ரெண்டா? எம்பொண்ணு என்ன அவ்வளவு மட்டமா?"

"சரி, மூணு."

காவலுக்கு நின்ற அமெரிக்க மாலுமி ஏதோ அதட்டினான். கிரெகோரியோ திரும்பி, "இருப்பா, முக்கியமான பேச்சு நடக்குதுல்ல" என்றார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒதுங்கி நின்றான்.

"குறைஞ்சது நாலு வேணும்" என்றார் கிரெகோரியோ.

ரூஃபினாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அஞ்சு கேளுங்கப்பா!"

அவர் அனக்லெத்தோவிடம், "பொண்ணு சொல்றாளே, காதுல விழலையா? அஞ்சு" என்றார்.

"அஞ்சுக்கு நான் எங்க மாமா போவேன்?" என்று சிரித்துக்கொண்டே அவன் சுத்தியலை எடுத்தான்.