சாதாரணப் பிள்ளை என்று எழுதினேன்

இப்போதெல்லாம் பள்ளிக்கூட வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும், இந்த நாட்டில் மந்தமான பிள்ளை பிறப்பதே நின்றுபோய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். முன்பக்கம் பெட்டி வைத்த சைக்கிளில் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்குகிற ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளை தனிப்பிறவி என்கிறார்கள். ஒருத்தியின் மகனுக்கு அறிவு கூடுதலாம், அதனால் வகுப்பில் சலிப்பு தட்டுகிறதாம். உறைபனி நாளில் கொடிக்கம்பத்தை நக்கிப் பார்த்து, நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றவன் அவன். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி எடுத்துவிட்டது நான்தான்.

எங்கள் ஆட்கள் அப்படிப் பேசமாட்டார்கள். க்ரோனிங்கன் நகரத்துக்குக் கிழக்கே இந்தக் கால்வாய்க்கரை ஊர்களில், சாப்பாடு அருமையாக இருந்தால் "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை மறுபடி நீட்டுவோம். பிள்ளையைப் பற்றி யாராவது விசாரித்தால் "சாதாரணப் பிள்ளைதான், ஓடுது" என்போம். கேட்டவனுக்கு விஷயம் புரிந்துவிடும். தன் பிள்ளையைத் தானே மெச்சுகிறவனைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தோம். நான் இன்னும் அப்படித்தான். அதனால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பேத்தி நின்கேவுக்குப் பன்னிரண்டு வயது. ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் கடைசி வகுப்பு. அவளும் என் மகள் யான்னெகேயும் என் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். மருமகன் ஸ்வொல்லவில் வேறொருத்தியோடு இருக்கிறான், அவன் பேச்சு வேண்டாம். மகளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. விடியற்காலை போனால் சாயங்காலம், சாயங்காலம் போனால் நடுராத்திரி. அதனால் பிள்ளை பள்ளி விட்டு வந்தால் வீட்டில் இருப்பது நான். பள்ளியிலிருந்து வருகிற காகிதங்களைப் பார்ப்பதும் நான்.

இங்கே பன்னிரண்டு வயதில் பள்ளி ஒரு முடிவு சொல்லும். இந்தப் பிள்ளை தொழில் பாதைக்கு, இது நடுப்பாதைக்கு, இது பல்கலைக்கழகம் போகிற மேல்பாதைக்கு என்று. மூன்றுக்கும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளி, தனித்தனி வகுப்பு. அதன்பிறகு பிள்ளை அந்தத் தண்டவாளத்தில் ஓடவேண்டியதுதான். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது தலைமையாசிரியர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், "இவனுக்குக் கை நல்லா இருக்கு" என்று என் அப்பாவிடம் சொன்னார். அப்பா நன்றி சொன்னார். இரண்டு வருடம் தொழிற்பள்ளி, பிறகு உருளைக்கிழங்கு மாவு ஆலை. என் தலையை யாரும் பார்க்கவே இல்லை. நானும் பார்க்கவில்லை.

இப்போது அப்படி இல்லை, முழுப் பிள்ளையையும் பார்க்கிறோம் என்கிறார்கள். நின்கேவின் அறிக்கை ஒரு புத்தகம் தடிமன் இருக்கும். கணக்கும் வாசிப்பும் மட்டுமா? சைக்கிளில் போகும்போது கையைச் சரியாக நீட்டித் திரும்புகிறாளா என்பதற்கு ஒரு பரீட்சை. ஆந்தை கக்கிப்போட்ட உருண்டையைப் பிரித்து எலியின் எலும்புகளை அட்டையில் ஒட்டியதற்கு ஒரு மதிப்பெண். பெயர் இல்லாத வரைபடத்தில் ஆறுகளைக் காட்டுவது, ஆங்கிலம், பாட்டு, தேர்தல் நடத்துவது, சண்டை வந்தால் பேசித் தீர்ப்பது என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறார்கள். கடைசியில் 'மனம் தளராமை' என்றுகூட ஒரு கட்டம். அதை எந்தத் தராசில் நிறுத்தார்களோ.

தராசு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். ஆலையில் நான் முப்பத்தொரு வருடம் பார்த்தது மாதிரி எடுக்கும் வேலை. விவசாயி கொண்டுவரும் கிழங்கில் ஐந்து கிலோ எடுத்துக் கழுவி, கூடையில் போட்டுத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை பார்ப்போம். சுவரில் ஓர் அட்டவணை இருக்கும். தண்ணீருக்குள் இத்தனை கிராம் என்றால் மாவு இத்தனை சதவீதம். இதை ஒரு நாள் நின்கேவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"தண்ணிக்குள்ள எடை போட்டா மாவு எவ்வளவுன்னு எப்படித் தாத்தா தெரியும்?" என்றாள்.

"அட்டவணையில இருக்கும்."

"அட்டவணைக்கு எப்படித் தெரியும்?"

"அட்டவணைக்குத் தெரியும். நீ ரொட்டியைத் தின்னு."

அவள் விடவில்லை. ஒரு வாரம் என் சமையலறையில் வாளியும் தராசும்தான். கணக்குப் பாடத்தில் சதவீதம், அறிவியலில் மிதப்பது மூழ்குவது, நூலகத்தில் எதுவோ ஒரு புத்தகம், எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒரே காகிதத்தில் சேர்த்தாள். மாவு தண்ணீரைவிடக் கனம், அதனால் மாவு கூடின கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும் என்று எனக்குப் படம் போட்டுக் காட்டினாள். அவள் வரைபடமாகப் போட்ட கோடு ஆலை அட்டவணையோடு ஒத்துப்போனது. எழுபத்துநாலு வயதில் என் வேலை எனக்குப் புரிந்தது. அவள் அதையே வகுப்பில் எல்லார் முன்னாலும் நின்று பேசினாள்.

ஜனவரியில் பள்ளியின் முதல் முடிவு வந்தது. தொழில் பாதை.

மகள் அடுப்படியில் நின்று இரண்டு தடவை படித்தாள். நின்கே மாடிக்குப் போய்விட்டாள். பிப்ரவரியில் நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிற பரீட்சை நடந்தது. அதில் அவளுக்கு வந்தது மேல்பாதை. அப்படி வந்தால் பள்ளி தன் முடிவை மறுபடி பார்த்தே ஆகவேண்டும். மார்ச்சில் பேச வரச்சொன்னார்கள். இங்கே பெற்றோருக்குக் கொடுப்பது பத்து நிமிடம். மகள் விடுப்பு எடுத்தாள். நானும் வருவேன் என்றேன்.

"நீங்க வாயை மூடிட்டு உக்காரணும்ப்பா," என்றாள்.

"நான் எப்ப வாயைத் திறந்தேன்?"

"அதான் பயமா இருக்கு. இன்னிக்குத் திறந்துருவீங்களோன்னு."

பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் எங்களை உட்காரவைத்தார்கள். முழங்கால் தாடைக்கு வந்தது. வாத்தியார் யோரிட்டுக்கு முப்பது வயது இருக்கும், உட்ரெக்ட்டிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நின்கேவும் பக்கத்தில் இருந்தாள். பிள்ளை இல்லாமல் பிள்ளையைப் பற்றிப் பேசமாட்டார்களாம்.

"முதல்ல நல்ல சேதி," என்றார் யோரிட். "பரீட்சையில நின்கே பிரமாதமாப் பண்ணியிருக்கா. நாங்களே எதிர்பார்க்கல."

"ஏன் எதிர்பார்க்கல?" என்றேன்.

மேசைக்கடியில் மகள் என் காலை மிதித்தாள்.

"கேக்கட்டும், நல்ல கேள்விதான். ஐயா, பரீட்சைங்கறது ரெண்டு காலைப் பொழுது. நாங்க எட்டு வருஷமா எல்லாத்தையும் சேர்த்துப் பாக்கறோம்." கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். "கணக்கு நல்லாவே இருக்கு. வாசிப்பும் அப்படித்தான். ஆனா இவ எப்படிக் கத்துக்கறாங்கறது முக்கியம். அந்த உருளைக்கிழங்குப் பேச்சு ஞாபகம் இருக்கா? வாளி, கூடை, கிழங்கு எல்லாம் கொண்டுவந்தா. எல்லாரையும் தூக்கிப் பாக்க வெச்சா. வகுப்பே சந்தோஷப்பட்டுது. அப்பவே எழுதி வெச்சேன்."

எழுதி வைத்ததைப் படித்தேன். 'கையால் செய்து கற்பவள். செயல்வழி நாட்டம் மிகுதி.'

"சுவத்துல ஒரு காகிதம் ஒட்டினாளே, கோடு போட்டு, சதவீதம் போட்டு. அதைப் பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன். அது நீங்க போட்டுக் கொடுத்ததுன்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை. "தம்பி, நான் முப்பத்தொரு வருஷம் கிழங்கைத் தண்ணியில தொங்கவிட்டவன். எதுக்குன்னு எனக்குத் தெரியாது. இவ சொல்லித்தான் தெரியும்."

"உங்களுக்கும் கொஞ்சம் தெரியும் தாத்தா," என்றாள் நின்கே, மேசையைப் பார்த்துக்கொண்டு.

யோரிட்டுக்குக் காது சிவந்தது. அடுத்த பக்கத்துக்குப் போனார். "அது மட்டும் இல்ல. மேல்பாதைன்னா வீட்டிலயும் ஒரு துணை வேணும். எதிர்பார்ப்பு வேணும். அதைப் பெத்தவங்ககிட்டயே கேட்டுத்தான் நாங்க எழுதறோம். அக்டோபர்ல ஒரு படிவம் வந்திருக்குமே?"

படிவம் திரையில் வந்தது. மகள் குனிந்து பார்த்தாள். அவளுக்கு அதைத் தெரியாது. எனக்குத் தெரியும். பேனாவை அழுத்திப் பிடித்து எழுதும் கையெழுத்து, என்னுடையது.

உங்கள் பிள்ளையின் தனித்திறமை என்ன? 'ஒன்றும் பெரிதாக இல்லை. சாதாரணப் பிள்ளை. கைவேலை வரும்.'

பாடத்தில் உதவுவது யார்? 'யாரும் இல்லை.'

எங்கே உட்கார்ந்து படிக்கிறாள்? 'சமையலறை மேசை. நான் கிழங்கு உரிப்பேன்.'

உங்கள் எதிர்பார்ப்பு என்ன? 'பேராசிரியர் ஆகவேண்டாம். ஒரு வேலை கிடைத்தால் போதும்.'

"அப்பா," என்றாள் யான்னெகே. என் காலை மிதித்திருந்த கால் விலகிப்போனது.

"இது புகழ்ச்சி, தம்பி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "எங்க ஊர்ல ஒரு பிள்ளையை இதுக்கு மேல புகழ முடியாது. யாரும் உதவலன்னா, அவளே செய்யறான்னு அர்த்தம். உங்களுக்கு அது தெரியாதா?"

"நான் எழுதியிருக்கறதைத்தானே படிக்க முடியும், ஐயா? மத்தவங்க மூணு பக்கம் எழுதறாங்க."

"அப்ப எவன் பெருசா அளக்கறானோ அவன் பிள்ளை மேல போகும்."

"அப்படிச் சொல்லக்கூடாது."

"வேற படிவம் கொடுங்க. இப்பவே எழுதறேன். இவளுக்கு மூளை இருக்குன்னு எழுதறேன்."

யோரிட் உதட்டைக் கடித்தார். "இப்ப எழுதினா, பரீட்சை முடிவைப் பாத்துட்டு எழுதின மாதிரி இருக்கும். தலைமையாசிரியர் ஒத்துக்கமாட்டார்."

அப்போது கதவைத் தட்டினார்கள். அடுத்த பெற்றோர். கண்ணாடி வழியே உள்ளே பார்த்துச் சிரித்தார்கள். யோரிட் ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நாங்க பேசி வெச்சிருக்கோம். ஒரு படி ஏத்தறோம். தொழில் பாதையும் நடுப்பாதையும் கலந்த வகுப்பு. முதல் வருஷம் பாப்போம். எல்லாருக்கும் நல்லது. நின்கே, உனக்கு எப்படி?"

மூன்று பெரியவர்களும் அவளைப் பார்த்தோம். அவள் கதவைப் பார்த்தாள், காத்திருப்பவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தோளைக் குலுக்கினாள். "சரிதான்," என்றாள்.

யோரிட் தட்டச்சு செய்தார். 'மாணவி சம்மதிக்கிறாள்.'

"இவ சரின்னு சொன்னா சரின்னு அர்த்தம் இல்ல," என்றேன். "எங்கிட்ட வளர்ந்தவ. வாயைத் திறந்து எனக்கு வேணும்னு கேக்க வராது. நின்கே, மேல்பாதைன்னு சொல்லும்மா. தப்பில்ல. சொல்லு."

அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. "தாத்தா, விடுங்க. அவங்க காத்துட்டு இருக்காங்க."

"காத்துட்டு இருக்கட்டும்."

"பிள்ளையோட வார்த்தைக்கு நாங்க மதிப்பு கொடுக்கறோம் ஐயா," என்றார் யோரிட், மெதுவாக. அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எட்டு வருடம் எலும்பு ஒட்டவும் ஓட்டுப் போடவும் சண்டையைப் பேசித் தீர்க்கவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வதற்குக் கட்டம் போடவில்லை. நான் வீட்டில் போட்டேனா? நானும் இல்லை.

மகள் கையெழுத்துப் போட்டாள். நன்றி என்று வேறு சொன்னாள். என் அப்பா சொன்ன அதே நன்றி.

வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் யான்னெகே எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள். பூட்டைத் திறந்துகொண்டே இருந்தாள், திறந்த பூட்டை. நின்கே தன் சைக்கிளில் ஏறி, "நான் முன்னாடி போறேன்" என்று போய்விட்டாள். மூலையில் கையை ஒழுங்காக நீட்டித்தான் திரும்பினாள்.

யோரிட் பின்னாலேயே ஓடி வந்தார். அடுத்தவர்களை உள்ளே உட்காரவைத்துவிட்டு வந்திருந்தார். கோட்டு இல்லை, குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, மனசு கஷ்டப்படாதீங்க. வழி எதுவும் அடைபடல. நல்லாப் படிச்சா அங்கேருந்து நடுப்பாதை, அங்கேருந்து மேல்பாதை. ரெண்டு மூணு வருஷம் கூட ஆகும், அவ்வளவுதான். இவளை மாதிரிப் பிள்ளைங்க வந்துடுவாங்க."

"யார் வந்தா?"

"என்ன கேக்கறீங்க?"

"இந்தப் பள்ளியிலேருந்து அப்படி ஏறிப் போன ஒரு பிள்ளை. பேர் சொல்லுங்க."

வாயைத் திறந்தார். மேலே பார்த்தார். "பேர் உடனே... ஆனா நாடு முழுக்கப் பாத்தா, நூத்துக்கு எவ்வளவோ பேர்—"

"பேர் கேட்டேன்."

"நான் பழைய பதிவைப் பாத்துச் சொல்றேன் ஐயா. கட்டாயம் இருப்பாங்க."

இருக்கலாம். பதிவேட்டில் எங்காவது இருக்கலாம். நான் கால்வாய் ஓரமாக நடந்தேன். அவர் பின்னாலிருந்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நம்பிக்கை வேண்டும் என்றோ என்னவோ. நான் திரும்பிப் பார்க்கவில்லை.