அமெரிக்கா படிக்கிறவன்

பாடை கட்டி வெகுநேரமாகிவிட்டது. மேளக்காரர்கள்கூட அடித்து ஓய்ந்து, எதிர் குடோன் நிழலில் பீடி பற்றவைத்துவிட்டார்கள். தாய்மாமன் சுப்புராஜ் வந்து, அம்மா பொன்னுத்தாய்க்குப் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போர்த்தாமல் அப்பாவைத் தூக்க முடியாது. அந்த மனிதரை மட்டும் காணவில்லை.

இன்பராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக் காலை மதுரையில் அவனுக்குக் கடைசிப் பரீட்சை, அமெரிக்க வரலாறு. விட்டால் பி.ஏ. ஒரு வருஷம் தள்ளிப்போகும். அப்பாவுக்கு முடியவில்லை என்று ஆள் வந்து சொன்னதும், நேற்றுதான் புத்தகத்தோடு பந்தல்குடிக்குப் பஸ் ஏறி வந்தான். விடிகிறபோது உயிர் போய்விட்டது.

மாமாவின் ஊரான திருச்சுழிக்குக் கேதம் சொல்லப் போன சித்தப்பா மகன் காளிராஜ், தனியாகத் திரும்பி வந்தான்.

"என்னலே, மாமா எங்க?"

"சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தா, டாக்ஸி புடிச்சு மதுரைக்குப் போயிட்டாகளாம்."

"மதுரைக்கு எதுக்கு?"

"நீ பிளேன்ல வாரேன்னு. ஒன்னையக் கூட்டியாரத்தான்."

இன்பராஜ் தலையில் அடித்துக்கொண்டான். அவன் இங்கே அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்க, மாமா விமான நிலையத்தில் காத்துக் கிடக்கிறார்.

வெயில் தாழ்ந்த பிறகு டாக்ஸி புழுதியோடு வந்து நின்றது.

"நீ இங்கயா இருக்க?" என்று மாமா கோபித்துக்கொண்டார், தப்பு அவன்மேல் என்பதுபோல. "எம்பையன் அமெரிக்கா படிக்கிறான்னு மச்சான் சந்தையில பூராப் பேருட்டயும் சொன்னாக. அங்க படிக்காம வேற எங்க படிப்பாக?"

"மதுரையில மாமா! புத்தகத்தப் பாத்து!"

"அதச் சொல்லலயே. பருத்தியப் பத்தில்ல சொன்னாக. அங்க அடிமைகள வச்சுப் பருத்தி வெளைய வச்சானாம். அதுல சண்டையாம். அவன் பஞ்சு சீமையில வெள்ளக்காரன் மில்லுக்குப் போகாம நிக்க, நம்ம கரிசக்காட்டுப் பஞ்சுக்கு வெல ஏறுச்சாம். சண்டை முடியவும் விழுந்துபோச்சாம். 'அந்த ஊருக் கதைய நம்ம பஞ்சு மூட்டையில இருந்து படிக்கணும் சுப்புராசு'ன்னாக."

பொங்கல் லீவில் அப்பாவிடம் அதைச் சொன்னவன் இன்பராஜ்தான். தன் கமிஷன் கடையில் பருத்தியைப் பிய்த்துத் தரம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, 'ம்' கூடக் கொட்டவில்லை. இவருக்குப் போய்ச் சொன்னேனே என்று எழுந்து போய்விட்டான். கேட்டிருக்கிறார். கேட்டு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். பெற்ற மகனிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? இனி யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? அழுகை வந்தது. அதைவிட எரிச்சல் வந்தது.

மாமா அம்மாவுக்குக் கோடி போர்த்திய பிறகு அப்பாவைத் தூக்கினார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது பொழுது இறங்கிவிட்டது. காலை பஸ்ஸை நம்பினால் பரீட்சை ஆரம்பித்த பிறகுதான் போய்ச் சேரலாம். டாக்ஸி வாசலிலேயே நின்றது.

"கொள்ளி வச்சவன் பால் ஊத்தாம ஊரத் தாண்டக் கூடாது" என்றார் சித்தப்பா வெள்ளத்துரை.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நாளைக்குச் சாயங்காலம் வந்து ஊத்தட்டும். அவுக அதுவரைக்கும் காத்திருப்பாக. ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காகள்ல."

இன்பராஜ் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே காரில் ஏறினான். ஒவ்வொரு தடவையும் பஸ் வரைக்கும் வருகிற அம்மா, வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். விரல்கள் மட்டும் தெரிந்தன.

"அம்மா, வெளிய வா."

"நீ போப்பா. நான் இனி எதுக்க வரக் கூடாது."

அவன் இறங்கி, கார்க் கதவை அறைந்து சாத்தினான். "நீ வராட்டி நான் போகல. பரீட்சையும் வேணாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேணாம்!"

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா மெல்லப் படியிறங்கி, காருக்கு எதிரே தெருவோரமாக வந்து நின்றாள். அவன் ஏறி உட்கார்ந்தும் டிரைவர் சாவியைத் திருகாமல் மாமாவைப் பார்த்தார்.

"என்ன பாக்குறீக? எடுங்கண்ணே!" என்றான் இன்பராஜ்.

டிரைவர் விளக்கைப் போட்டார். வெளிச்சத்தில் கோடிச்சேலையின் மடிப்பு இன்னும் கலையாமல் தெரிந்தது.